செவுளைத் தூக்கிப் பார்த்தீங்களா?

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பொன்னேரிக்குக் கூடை கொண்டுவரும் மீன்காரம்மாவுக்கு, எங்கள் வாசலில் உட்கார்ந்தால் ஊர்வம்பு பேசாமல் எழுந்திருக்கத் தெரியாது. ஆகஸ்டு 15-ஆம் தேதி கிராம சபையில் நடந்ததாக அவள் சொன்னது மட்டும் வம்பல்ல; வயிற்றெரிச்சல்.

ஏரி நிறைய உப்புத் தண்ணீர். பஞ்சமெல்லாம் குடிதண்ணீருக்குத்தான். மத்திய சர்க்கார் மானியத்தில் குப்பத்தில் கட்டின தொட்டி ஒரே வருஷத்தில் வாய் பிளந்துவிட்டதாம். வேலையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுந்து கேட்டிருக்கிறாள். குறைந்த தொகை கேட்டவருக்கு என்று பதில் வந்திருக்கிறது.

"வெல கேட்டீங்க, சரி. செவுளைத் தூக்கிப் பாத்தீங்களான்னு கேட்டேம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டதுதான் சட்டமும் கேட்கிறது. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 100-க்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான். பணம் டில்லியுடையதானாலும், டெண்டருக்கு நம் ராஜ்யத்தின் 1998-ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. பெரிய வேலைகளுக்கு இரண்டு உறை வாங்குவார்கள். முதல் உறையில் ஆளின் தகுதி, முன்பு செய்த வேலை. அதில் தேறினவருடைய விலை உறையைத்தான் பிரிக்கலாம். நாம் ஜாதகம் பார்த்த பிறகு சீர் பேசுவதில்லையா, அப்படி! தொட்டிதானே, சின்ன வேலைதானே என்று முதல் காரியத்தை விட்டுவிட்டார்களோ, என்னவோ.

அக்டோபர் 2-ஆம் தேதி சபையில் காகிதங்களைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அன்றைக்கு அவள் கூடை தூக்கமாட்டாள். எங்கள் வீட்டில் சாம்பார்தான்.