குளிரூட்டியின் முனகல்

குளிரூட்டி முனகத் தொடங்கினாலே 'கம்பிரஸர் போயிற்று' என்று தீர்ப்பளிக்கும் மெக்கானிக்குகளுக்கு நம் நகரங்களில் குறைவில்லை. எம் வீட்டுக்கு வந்தவரும் அவ்வாறே மொழிந்தார். கேட்ட தொகையோ என் ஒரு மாதச் சம்பளம்! பணத்தைக் கொடுக்குமுன் செவியைக் கொடுப்போமென்று, கொல்லைப்புறத்து வெளிப்பெட்டியண்டை நின்றேன்.

மலேசிய மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று அலைவது. ஆதலின் மோட்டார் 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஓசை எழுப்புதல் இயல்பே. இதுவோ அதனினும் பெரிது. மேல்மூடியை அழுத்தினேன். ஓசை அடங்கியிருப்பின் தளர்ந்த திருகாணியென்று தெளிந்திருக்கலாம், அடங்கவில்லை. உள்ளே விசிறி சுழலாமலே முனகிற்று. உடனே மின்சாரத்தை நிறுத்தினேன். அன்றேல் மோட்டார் சூடேறிக் கருகும்.

விசிறியைத் துவக்கும் கெப்பாசிட்டரே கெட்டிருந்தது. நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்குமாதலின், கழற்றும் பணியைத் தொழில் கற்ற வேறொருவரிடம் விட்டேன். உருளைக்கும் கூலிக்குமாக அவர் பெற்றது, முன்னவர் கேட்டதில் பத்திலொரு பங்கும் இல்லை.