துருவிப் பார்க்கிற சொந்தம்

ராயபுரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வியே, “நீங்க என்ன ஆளுங்க?” என்பதுதான். பனியன் கம்பெனி மெஷினுக்குச் சாதியில்லை; வீட்டு வாசற்படிக்கு உண்டு. அது வெளியாள் கேட்பது. சொந்தம் விசாரிக்கிற விதமே வேறு.

என் துணைவியின் சித்தப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே எங்க ஊருக்குப் போனார். டீக்கடையில் விசாரித்தார். நான் படித்த பள்ளியில் பழைய பதிவேட்டைப் புரட்டி, சாதிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கிறாங்க” என்று எடுத்துக் காட்டினார்களாம். எம்.ஏ. தமிழ் படித்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இதற்குப் பெயர் பெரியவங்க அக்கறையாம். இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். சாதி மீறிக் கட்டியவர்களின் விலாசம் வெறும் தகவலல்ல, உயிர்.

சட்டம் மட்டும் என்ன? 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, நம் பெயரும் இருப்பிடமும் எழுதிய அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டவேண்டும். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். 30 நாளைக்குள் ஆட்சேபிக்கலாம். தேடி அலைகிறவனுக்கு அரசாங்கமே வழிகாட்டுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் சொன்ன பிறகும் அந்தப் பிரிவு இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தில் இந்த அறிவிப்பு கிடையாது. அக்கல்யாணத்தை ஊரறியச் செய்யத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் சாதியை ஒளிக்கிறவனில்லை. மேடையேறிச் சொல்லுகிறவன். ஆனால் எங்கே, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவன் நான்தான், சித்தப்பா அல்ல.