தாத்தாவின் இருக்கை

நுழையும்முன்

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களின் மேற்புறத்தையே காண்கிறோம். உள்ளே இருப்பது அவை பழுதுறும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது. கொல்கத்தாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு அவர்களது பழைய மகிழுந்து கற்பித்ததை இக்கட்டுரை கூறுகிறது.

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள லேக் மார்க்கெட், தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடமாகும். அங்கே ஒரு குறுகிய தெருவில் வெள்ளை நிற அம்பாசிடர் மகிழுந்து ஒன்று நின்றிருக்கும். கும்பகோணத்திலிருந்து பணியின் பொருட்டு அந்நகருக்கு வந்த பெரியவர் ஒருவர், தம் சேமிப்பைக் கொண்டு 1988ஆம் ஆண்டு அதனை வாங்கினார். பத்தொன்பது ஆண்டுகள் அவரே அதனை ஓட்டினார். அவர் மறைந்தபின் வண்டி அவருடைய மகனுக்கு உரியதாயிற்று. வண்டியோடு ஒரு பள்ளமும் வந்து சேர்ந்தது.

அக்காலத்து அம்பாசிடரின் முன்புறத்தில் தனித்தனி இருக்கைகள் இல்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நீளும் ஒரே இருக்கைதான் உண்டு. கியர்த்தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே அமைந்திருந்தமையால் மூவர் நெருங்கி அமரலாம். பெரியவர் பல்லாண்டுகள் அமர்ந்தமையால் ஓட்டுநர் பக்கம் மட்டும் நன்கு தாழ்ந்துவிட்டது. அருகில் அமர்வோர் எவராயினும் சிறிது நேரத்தில் ஓட்டுநர் மேல் சரிந்துவிடுவர்.

மகன் தம் தந்தையினும் உயரம் குறைந்தவர். அந்தப் பள்ளத்தில் அமர்ந்தால் ஸ்டியரிங்கின் இடைவெளி வழியாகவே அவரால் சாலையைக் காண இயலும். நாளடைவில் அவருக்கு இடுப்புவலியும் வந்தது. இருக்கையைச் செப்பனிடுமாறு அவர் மனைவி பலமுறை கூறினார். அவரோ, "அப்பா உட்கார்ந்த இடம் அது. அப்படியே இருக்கட்டும்" என்று மறுத்துவிடுவார். அந்தப் பள்ளத்தில் அமரும்போது தந்தையின் மடியில் அமர்வதாகவே அவர் உணர்ந்தார். எனவே அதன் மேல் இரண்டு மெத்தைத் திண்டுகளை அடுக்கிக்கொண்டு வண்டியை ஓட்டிவந்தார்.

2009ஆம் ஆண்டின் மழைக்காலம். ஒருநாள் மாலையில், எட்டாம் வகுப்பில் பயின்ற தம் மகளை அழைத்துக்கொண்டு அவர் ராஷ்பிஹாரி சாலையில் வந்துகொண்டிருந்தார். டிராம் தண்டவாளங்களின் மேல் மழைநீர் ஓடியது. கைரிக்‌ஷா ஒன்று திடீரெனக் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை வேகமாக மிதித்தார். அந்த வேகத்தில் திண்டுகள் முன்னோக்கி வழுக்கின. அவற்றோடு அவரும் வழுக்கினார். கால் பிரேக்கை விட்டு நழுவியது. மீண்டும் அவர் மிதித்தபோது, ரிக்‌ஷாவின் சக்கரத்திற்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் தொலைவே இருந்தது. ரிக்‌ஷா இழுத்த முதியவர் ஒன்றும் கூறவில்லை. திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, மழையில் இழுத்துச் சென்றார்.

வீடு வந்து சேரும்வரை தந்தையும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்தியபின் மகள் மெல்லிய குரலில், "அப்பா, தாத்தா இருந்திருந்தால் இந்தத் திண்டுகளை வைத்து ஓட்ட விட்டிருப்பாரா?" என்று கேட்டாள். தந்தையிடம் மறுமொழி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் மல்லிக் பஜாருக்குச் சென்றனர். பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு அது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய தனியிருக்கை ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்பது தந்தையின் எண்ணம். தாத்தாவின் இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இருக்கை தைக்கும் மிஸ்திரி ஒருவர், தரைவிரிப்பை விலக்கி வண்டியின் அடித்தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "தாதா, இந்த எண்ணம் வேண்டாம்" என்றார். வங்காளியர் அண்ணன் முறையாரைத் 'தாதா' என்று அழைப்பர். மகளின் செவிக்கு அது எப்போதும் 'தாத்தா' என்றே ஒலிக்கும்.

மிஸ்திரி காரணத்தை விளக்கினார். வேற்று இருக்கையின் தண்டவாளமும் திருகு துளைகளும் இந்த வண்டியின் துளைகளோடு பொருந்தா. புதிய துளையிட்டுப் பற்றவைக்கலாம் என்றால், தகடு துருவேறி மெலிந்திருக்கிறது. வலுவாக ஒருமுறை பிரேக் பிடித்தால் இருக்கையே பெயர்ந்துவிடக்கூடும். "இதன் சட்டம் நன்றாக இருக்கிறது. உள்ளே கெட்டதை மட்டும் மாற்றுவோம்" என்றார் அவர்.

இருக்கை வெளியே எடுக்கப்பட்டது. மேலுறையைச் சட்டத்தோடு கவ்விப் பிடித்திருந்த சிறு கம்பி வளையங்களை மிஸ்திரி குறட்டால் ஒவ்வொன்றாக நீக்கினார். கிழிந்த உறையை அவர் எறிந்துவிடவில்லை. தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து வைத்தார். புதிய ரெக்சினை வெட்டுவதற்கு அத்துண்டுகளே அளவு.

உறையின் கீழ், நைந்த பஞ்சுக்கும் கிழிந்த சாக்குக்கும் நடுவே, நான்காக மடித்த துணி ஒன்று இருந்தது. மிஸ்திரி அதனை விரித்தார். பழுப்பேறிய வேட்டி அது. பச்சைக்கரை மட்டும் மங்காமல் இருந்தது. அதன் கீழே, முறிந்த சுருள்வில் இரண்டு தேங்காய் நார்க்கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தன.

தந்தை நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அது தம் தந்தையின் வேட்டி. அந்த முடிச்சும் அவர் இடும் முடிச்சே. தொடுதல் கூடாது என்று தாம் காத்துவந்த இருக்கையைத் தாத்தாவே என்றோ பிரித்துப் பார்த்துத் தம்மால் இயன்றவரை செப்பனிட்டிருக்கிறார்!

"இதை மீண்டும் உள்ளேயே வைத்துத் தைக்கலாமா?" என்று தந்தை வினவினார். மிஸ்திரி தலையசைத்து மறுத்தார். பருத்தித்துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் அந்த ஈரம் வில்லைத் துருப்பிடிக்கச் செய்யும். வில் முறிந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். "அன்று கையில் இருந்ததைக் கொண்டு அவர் நல்ல வேலை செய்திருக்கிறார். இன்று வேறு பொருள் கிடைக்கிறது" என்று கூறி வேட்டியை மடித்துத் தாயிடம் கொடுத்தார்.

பின்னர் வேலை தொடங்கியது. முறிந்த வில்கள் மாற்றப்பட்டன. சட்டத்தின் துரு தேய்க்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டது. வில்களின் மேல் தடித்த சணல் சாக்கு இழுத்துக் கட்டப்பட்டது. அச்சாக்கு இல்லையெனில் வில்லின் முனை மேலுள்ள அடுக்கை அறுத்துவிடும். சாக்கின் மேல் நார்ப்பாய் வைக்கப்பட்டது. தேங்காய் நாரைக் கயிறாக முறுக்கிப் பிரித்தால் அது சுருண்டு நிற்கும்; அதன்மீது ரப்பர்ப்பால் தெளித்துச் சூட்டில் அழுத்தினால் இத்தகைய பாய் உருவாகும். அதன்மேல் அடர்த்தி மிக்க நுரைப்பஞ்சு. மென்மையான பஞ்சு முதல்நாள் சுகமாக இருக்கும், சில மாதங்களில் மீண்டும் பள்ளமாகும் என்று மிஸ்திரி எச்சரித்தார். இறுதியாக, வெயிலில் காயவைத்து இளகச்செய்த ரெக்சின் சுருக்கமின்றி இழுத்து மாட்டப்பட்டது.

"சணல் எங்கள் ஹூக்ளிக் கரையில் விளைவது; நார் உங்கள் தெற்கிலிருந்து வருவது" என்று மிஸ்திரி சிரித்தார். மகள் நார்ப்பாயைத் தடவிப் பார்த்தாள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தென்னந்தோப்பில் தான் மிதித்து நடந்த மட்டைகள் அவள் நினைவுக்கு வந்தன.

மாலையில் தந்தை ஓட்டுநர் இடத்தில் அமர்ந்தார். திண்டுகள் இல்லை. ஸ்டியரிங்கிற்கு மேலே சாலை முழுமையாகத் தெரிந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது, பாதம் பிரேக்கின் மேல் உறுதியாகப் படிந்தது. பார்வையின் உயரம் மாறியமையால் பின்புறம் காட்டும் கண்ணாடியை அவர் திருப்பி வைக்கவேண்டியிருந்தது. அருகில் அமர்ந்த தாய், வீடு வரும்வரை ஒருமுறையேனும் அவர்மேல் சரியவில்லை.

2014இல் உத்தரபாராத் தொழிற்சாலை அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. அதன்பின்னும் அந்த வெள்ளை வண்டி சில ஆண்டுகள் அத்தெருவில் நின்றது. ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் தந்தை அதனைத் துடைப்பார். அவர் கையில் உள்ள துணியில் பச்சைக்கரை தெரியும்.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
திண்டு – சாய்வதற்கும் அமர்வதற்கும் பயன்படும் சிறு மெத்தை
குறடு – கம்பியைப் பிடிக்கவும் வளைக்கவும் உதவும் கருவி
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சீராக்குதல்
நைந்த – தேய்ந்து வலுவிழந்த

சிந்தித்து எழுதுக

1. வேற்று இருக்கையைப் பொருத்த வேண்டாம் என மிஸ்திரி கூறியதற்கான காரணங்கள் யாவை?
2. வில்களுக்கு மேல் சணல் சாக்கு கட்டப்படுவது ஏன்?
3. வேட்டியைக் கண்டபின் தந்தையின் எண்ணம் எவ்வாறு மாறியிருக்கும்?
4. உங்கள் வீட்டில் செப்பனிட்டுப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.