கழுத்தில் ஒரு நெறி

காலில் முள் தைத்துப் புண்ணானால் அரையில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும். நம் வீட்டு நன்னிமார் இதைக் கண்டு அஞ்சியதில்லை. புண் ஆறினால் நெறி வற்றிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நிணநீர்க் கணு என்று மருத்துவ நூல்கள் கூறுவது இந்த நெறியைத்தான். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும், மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும், நூற்றுக்கணக்கான கணுக்கள் காவற்சாவடிகளைப் போல் அமைந்திருக்கின்றன. கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு பெருகுகின்றன, கணு வீங்குகிறது.

புண் எதுவும் இல்லாமலே நெறி கட்டினால்? அதுவும், உடலின் காவற்படையே உடலைப் பகையாகக் கருதித் தாக்கும் நோயொன்றை ஏற்கெனவே சுமப்பவளுக்குக் கட்டினால்?

எனக்கு லூபஸ் என்னும் அந்நோய் இருப்பது 2015-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதற்கு முன் ஈராண்டுக் காலம் என் மூட்டுவலிக்குத் தண்ணீரே காரணம் என்று எல்லோரும் கூறினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையும் நிமிர்த்த இயலாத முதுகும் இங்கே கண்ணுக்குப் பழகியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்ற பின்னரும், எலும்பு வலித்தால் நம் நினைவு முதலில் தண்ணீரிடமே செல்கிறது. கன்னங்களில் சிவந்த படை தோன்றி, முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்த பிறகுதான் சேலத்து மருத்துவர் ஒருவர் உரிய இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சிறிதளவு ஸ்டீராய்டும் அன்றிலிருந்து என் அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டன. வெயிலுக்கு ஒதுங்கவும், களைப்பு வருமுன்பே அமரவும் கற்றுக்கொண்டேன்.

2022-ஆம் ஆண்டு ஒரு சுபுஹு வேளையில் ஒளுச் செய்து பிடரியைத் தடவியபோது, கொண்டைக்கடலை அளவில் ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பத்து நாளில் அதனருகே இன்னொன்று. மாலைதோறும் இளங்காய்ச்சல்.

மாமியிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தவர் முகம் வாடிற்று. "கண்டமாலையா இருக்குமோம்மா? யார்கிட்டயும் சொல்லிடாதே. உன் நாத்தனாருக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம்" என்றார். அவர் இளமையில் அந்தச் சொல்லுக்கு அஞ்சாத குடும்பமே இல்லை. கழுத்துக் கணுக்கள் மாலை கோத்தாற்போல் வீங்கி, உடைந்து, வடுவாகும் நோய் அது. அதற்குக் காரணம் காசநோய்க் கிருமியே.

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்; ஏனெனில் நம் வீடுகளில் மறைக்கப்படும் நோய்களில் இதுவும் ஒன்று. கணுக்களில் மட்டும் தங்கிய காசம், நுரையீரல் காசத்தைப் போல் இருமலால் பிறருக்குப் பரவுவதன்று. பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாவது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்துக்குக் கட்டணமும் இல்லை. காச நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் காப்பாற்ற முடியும் என்ற எண்ணத்தை மாற்றியதே நம் சென்னைதான். அங்கே 1956-இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்துண்பவரும் அதே அளவுக்குத் தேறுகின்றனர் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியது. சிகிச்சை நடக்கும்போதே சிலருக்குக் கணு மேலும் பெரிதாவதுண்டு. அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. என்னைப் போல் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து உண்பவர்களுக்குக் காசம் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே மாமியின் ஐயம் பொருளற்றதன்று. மறைக்கச் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை.

என் அச்சம் வேறு. இரவில் எல்லோரும் உறங்கிய பின் அது புற்றுநோய் என்றே மனம் முடிவு கட்டிவிடும். லூபஸ் உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சிறிது கூடுதல் என்பது உண்மை. ஆயினும் அது அரிதாகவே வருகிறது. லூபஸ் சீறும்போது கணுக்கள் தாமே வீங்குவதுதான் மிகுதியும் காண்பது. இந்த இரண்டு செய்திகளில் பகலில் பின்னதை நம்புவேன், இரவில் முன்னதை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், சகோதரி.

உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: வீட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதே, இரண்டாகப் போட்டுக்கொண்டால் வீக்கம் வற்றிவிடுமே! வற்றக்கூடும். ஆனால் அதன்பின் கணுவை எடுத்துச் சோதித்தால் உள்ளே இருந்த நோய் தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளவும் கூடும். சோதனைக்கு முன் மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டலாகாது. திடீரென்று நிறுத்தவும் ஆகாது.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனைக்காக நாம் வெளியூர் அலைய வேண்டியதில்லை. எனக்கு அந்த ஊசிச் சோதனை தெளிவான விடை தரவில்லை. முழுக் கணுவையும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கழுத்தை மரக்கச் செய்து சிறு கீறலில் எடுத்துவிட்டார்கள். முடிவு வர எட்டு நாள்.

அந்த எட்டு நாளை எப்படிக் கடந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விரல் ஓயாமல் கழுத்துக்குப் போகும். அழுத்த அழுத்தக் கணு நோகும். நொந்தால் பெரிதாகிவிட்டது என்று தோன்றும். மருத்துவர் சொன்னபடி வெள்ளிக்கிழமை மட்டும் என் கணவர் அளவு நாடாவால் அளந்து, குழந்தையின் பழைய நோட்டில் தேதியோடு குறித்தார். மற்ற நாள்களில் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். காய்ச்சல், இரவு வியர்வை, உடல் எடை ஆகியவற்றையும் அதிலேயே எழுதினோம். பயத்துக்கு வாரத்தில் ஒருநாள் ஒதுக்கியதுபோல் ஆயிற்று. 'கவலைப்படாதே' என்று பலர் சொன்னார்கள்; அதனால் கவலை குறைந்ததாக நினைவில்லை. 'புதன்கிழமை நானும் பஸ்ஸில் கூட வருகிறேன்' என்று என் அத்தா சொன்னபோது சற்றுக் குறைந்தது. அன்றிரவு துஆவுக்குப் பின் உறங்கினேன்.

வந்த முடிவு, கேள்விப்பட்டிராத ஒரு பெயர்: கிக்குச்சி நோய். கிக்குச்சி, புஜிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர்கள் 1972-இல் தனித்தனியே விவரித்தது. பெரும்பாலும் இளவயதுப் பெண்களுக்குக் கழுத்தில் வரும். காசமென்றும் புற்றென்றும் எளிதில் தவறாக எண்ணப்படும். சில மாதங்களில் தானே அடங்கும். லூபஸோடு சேர்ந்தும் வருவதால் தொடர்ந்து கண்காணிக்கச் சொன்னார்கள். எனக்கு மூன்றாம் மாதத்தில் அடங்கிற்று. நாத்தனார் திருமணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் யாவற்றையும் சொல்லித்தான் நடந்தது.

இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது, கல்லைப் போல் கெட்டியாகி அசையாதிருப்பது, காறை எலும்புக்கு மேலே தோன்றுவது, எடை குறைவது, நான்கு வாரமாகியும் வற்றாதிருப்பது: இவற்றில் எது கண்டாலும் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

சென்ற மாதம் என் வலது அக்குளில் ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. நோட்டில் மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆகியுள்ளன. அடுத்த வாரம் மருத்துவரிடம் போக வேண்டும். நேற்று அடுக்களையிலிருந்தபடியே மாமி கேட்டார்: "இந்த வாரம் எத்தனை சென்டிமீட்டரும்மா?"