குடியை விட்ட பிறகு

குடியை விட்டவனை ஊரு மெச்சும். வீட்டுல இருக்கிற பிள்ளை அவ்வளவு சீக்கிரம் மெச்சாது. கிட்டத்தட்ட ஒரு வருஷமா நான் பக்கத்தில் இருந்து பார்க்கும் விஷயம் இது.

எங்க ஊர்ல டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவர். வயல்ல சேறு அடிக்க அவரை மாதிரி ஆள் கிடைக்காது. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா டாஸ்மாக். போன வருஷம் குறுவை அறுப்பு முடிஞ்சதும், அவர் சம்சாரம் தோட்டை அடகு வச்சு தஞ்சாவூர்ல ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்துச்சு. ஒரு மாசம் கழிச்சு தெளிஞ்ச முகத்தோட வந்தார்.

வந்த ரெண்டாவது வாரம் என் களத்துல உட்கார்ந்து சொன்னார்: “அண்ணே, குடியைத்தான் விட்டுட்டேனே. இன்னும் புள்ள கிட்டயே வரமாட்டேங்குது. வாசல்ல செருப்பைக் கழட்டுனா அது கொல்லைப்பக்கம் போயிடுது. இதுக்கா விட்டேன்?”

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பயமா இருந்தது. இந்த மாதிரி மனசு விட்டுப்போன ஒரு சாயங்காலம் போதும், கால் தானா கடைப்பக்கம் போயிடும்.

மகளுக்கு எட்டு வயசு. குடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் வானிலை பார்க்கிற மாதிரி அப்பாவைப் பார்க்கக் கத்துக்குதுங்க. வண்டிச் சத்தம், செருப்புச் சத்தம், படலைத் திறக்கிற வேகம், எல்லாத்தையும் வச்சு இன்னைக்கு அடியா, அழுகையா, அமைதியான்னு கணக்குப் போடும். வருஷக்கணக்கா அப்படிப் பழகின பிள்ளைக்கு, அப்பாவோட ஒரு மாசச் சிகிச்சை எந்த மூலைக்கு?

நல்லவேளையா அந்த மையத்து ஆலோசகர் அம்மா மூணு பேரையும் சேர்த்து வரச் சொல்லியிருந்தார். அங்கே சொன்னதைத் தம்பி வரப்புல உட்கார்ந்து என்கிட்ட சொல்லுவார். தினமும் ஒரே நேரத்துல பத்து நிமிஷம் மகளோட விளையாடணும். என்ன விளையாட்டுன்னு அவதான் சொல்லணும். கேள்வி கேட்கக்கூடாது, உத்தரவு போடக்கூடாது, குறை சொல்லக்கூடாது. “ஓ, வீட்டுக்கு இப்ப திண்ணை கட்டுறீங்களா”ன்னு அவ செய்றதைச் சொன்னா போதும். “டிராக்டர் ஓட்டுறதை விட இது கஷ்டம்ணே. அப்படி வைக்காதேன்னு வாய் வரைக்கும் வந்துடுது” என்பார். அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-பிள்ளை சிகிச்சையிலும் முதல் பாடம் இதேதான். அதுல தினமும் 5 நிமிஷம்.

அடுத்தது, பெரிய வாக்குறுதி எதுவும் கூடாது. சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொல்றதை விட, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிப்பேன்னு சொல்லி, மழை பெஞ்சாலும் நிக்கணும்.

கஷ்டமான பாடம் ஒண்ணு உண்டு. ஒருநாள் மகள் திடீர்னு, “நான் மார்க் கம்மியா வாங்கினதாலதான நீ குடிச்ச?”ன்னு கேட்டிருக்கா. இத்தனை நாளும் பிள்ளை அதை மனசுல சுமந்திருக்கு! “இல்லடா, அது என் வியாதி. உன்னால வந்ததும் இல்ல, நிறுத்த வேண்டியதும் நீ இல்ல”ன்னு சொல்லியிருக்கார். சாக்குச் சொல்லாம, பழசைப் பேசாதேன்னு அடக்காம, அதைச் சொன்னதே பெரிய விஷயம்.

குடி ஒரு ஆளோட வியாதி மட்டும் இல்லை, குடும்பத்துக்கே வர்ற வியாதி என்பதை நம்ம ஊர்ல முன்னாடியே புரிஞ்சுக்கிட்டவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980-ல் சென்னையில் ஆரம்பிச்ச மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு உண்டு. எங்க திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்கே வந்து சிகிச்சை முகாம் நடத்தியிருக்காங்க.

விவசாயிக்கு இது புரியும். உவர் நிலத்துல யூரியாவைக் கொட்டினா பயிர் வந்துடாது. தக்கைப்பூண்டு விதைச்சு, 45 நாள்ல பூ எடுக்கும்போது மடக்கி உழணும். அடுத்த வருஷமும் அதையே செய்யணும். மண்ணு சரியாகிற வேகத்துலதான் சரியாகும்.

இப்ப அந்தப் பிள்ளை அப்பா மடியில ஏறலை. ஆனா போன வாரம் வயலுக்குச் சோத்துத் தூக்கை அதுதான் கொண்டு வந்துச்சு. வச்சுட்டு ஓடாம, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வரப்புல உட்கார்ந்திருந்துச்சு.

டவுன்ல இருக்கும் உங்க சொந்தத்திலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். “அப்பாதான் திருந்திட்டாரே, போய் முத்தம் குடு”ன்னு பிள்ளையைத் தள்ளாதீங்க. அது தானா வரட்டும். எங்கே போறதுன்னு தெரியாதவங்களுக்கு 14446-னு போதை மறுவாழ்வுக்கான இலவச எண் இருக்கு. கூப்பிடும்போது பிள்ளையைப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்க.