பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து



திருத்தணி என்றதும் முருகன் மலையே எவருக்கும் நினைவில் எழும். அம்மலையடிவாரத்தில் தலைமுறைகளாக வாழும் சில குடும்பங்கள் நாங்கள். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. வீட்டு மொழிகள் அப்படியே இருந்துவிட்டன. எல்லையோரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் முதல் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும், உருது பேசும் நம் வீட்டுப் பிள்ளையும், தமிழ்ப் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். பாடம் தமிழில் நடக்கிறது.

ஒவ்வொரு ரமலானிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் இத்தகைய பள்ளிகளுக்கென எங்களிடம் பணம் அனுப்புகிறார்கள். பெஞ்சு, மின்விசிறி, குடிநீர்த் தொட்டி என்று வாங்கிக் கொடுத்து வந்தோம். வெயில் காலத்தில் மின்விசிறியின் அருமை அதன் கீழ் அமர்ந்தவர்களுக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இவ்வாண்டு தொகையில் பாதியை ஆசிரியர்களுக்கான பயிற்சிக்குச் செலவிடுவது என்று பேசியபோது, தம்மாமிலிருந்து ஒரு பெரியவர், "பயிற்சியை எப்படிப் படம் எடுத்து அனுப்புவீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று அறிய அவருக்கு உரிமை உண்டு.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுத்தறிந்தவர்கள் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்று சீரத் நூல்கள் கூறுகின்றன. ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்பது கணக்கு. மதீனா அன்று செல்வச் செழிப்பில் இருக்கவில்லை. இருந்தும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தலைப் பணத்துக்கு ஈடாக ஏற்றார்கள். கற்பித்தவர்கள் அப்போது முஸ்லிம்களாகக்கூட இருக்கவில்லை. கோயில் நகரத்தில் வாழும் நமக்கு இது கூடுதலாகப் புரியும்.

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. தமிழில் 'கல்', 'தங்கம்' இரண்டுக்கும் ஒரே 'க'தான். தெலுங்கிலும் உருதுவிலும் அவ்விரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள். அந்த வீட்டுப் பிள்ளை தயங்கும்போது அதை மந்தம் என்று முடிவு கட்டாமல், தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்து சொல்லித்தர ஓர் ஆசிரியருக்குப் பழக்கம் வேண்டும். 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. மூன்று மொழி கலந்த வகுப்பில் அதை நாள்தோறும் நடத்துவது எளிதன்று. எனவே, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து இளம் ஆசிரியர் இருவருடன் அமர்ந்து பாடம் திட்டமிடத் தலைமையாசிரியரின் இசைவைப் பெற்றிருக்கிறோம். அவருடைய பயணச் செலவும் எழுத்து அட்டைகளின் செலவும் எங்களுடையவை.

ஜகாத் பணத்தை இதில் சேர்க்கவில்லை. ஜகாத் உரிய ஏழையின் கைக்கே உடைமையாகச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. ஆகவே இது முழுவதும் ஸதகா. இன்னொன்று: வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வங்கி வழியே அனுப்பும் சொந்தப் பணத்தைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்புவது அவ்வகையில் சேரும். அப்பணத்தைப் பெற அறக்கட்டளைக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், அத்தகையோரிடம் நாங்கள் வாங்குவதில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் நம் தாய்மார்கள் அக்கூட்டங்களுக்கு அரிதாகவே செல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தம்மாம் பெரியவருக்கு மாதந்தோறும் ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். பெயர் மட்டும் மறைத்திருக்கும்.