பாய்மரக் குடித்தனம் – 3: எதிர்க்காற்றில் செசபீக்

செசபீக் விரிகுடாக் கரையிலுள்ள அனாபொலிஸிலிருந்து செயின்ட் மைக்கேல்ஸ் காரில் ஒரு மணி நேரம். எங்கள் கேட்டலினா 22 பாய்ப்படகுக்கு ஒரு பகல் வேண்டும், அதுவும் காற்று மனசு வைத்தால்.

அன்று காற்று தெற்கிலிருந்து. நாங்கள் சுற்ற வேண்டிய ப்ளடி பாயின்ட் கலங்கரை விளக்கமும் ஏறக்குறையத் தெற்கே! காற்றின் முகத்துக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் ஓடாது. பக்கத்துக்கு 45 டிகிரியாவது விலக வேண்டும். தென்கிழக்கே கொஞ்சம், தென்மேற்கே கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் போனோம். சுக்கான் மனைவி கையில். "திருப்பறேன், தலையைக் குனிங்க!" என்று அவள் குரல் கொடுத்ததும் பெரிய பாயின் அடிக்கட்டை எங்கள் தலைக்கு மேலே மறுபக்கம் பாயும். மகள் முன்பாயின் ஒரு கயிற்றை விட, மகன் மறு கயிற்றை இழுப்பான்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமா நாகப்பட்டினத்துக்காரர். "மீன் பிடிக்காத படகுக்கு எதுக்கு மாப்பிள்ளை இத்தனை பாடு?" என்றார். நியாயமான கேள்விதான்.

வலப்பக்கம் தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம்: 1875-இல் கட்டியது, இரும்புக் கால்கள் மேல் அறுகோண மர வீடு. பால்டிமோர் போகும் சரக்குக் கப்பலொன்று வந்ததும் ஒதுங்கி நின்றோம். பாய்ப்படகுக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்று கரையில் சொல்வார்கள்; ஆழக் கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலிடம் அந்தச் சலுகை செல்லாது.

1882-இல் எழுப்பிய ப்ளடி பாயின்ட் கோபுரம், அடிமணல் அரிபட்டதால் சாய்ந்தே நிற்கிறது. அதைச் சுற்றி வடகிழக்கே திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. இரண்டு பாய்களையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துவிட்டுப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். வழியெங்கும் நண்டுக்கூடுகளின் வண்ண மிதவைகள். மாமாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

செசபீக் சுமார் 320 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழமோ 21 அடிதான். கரையோரத்தில் அதுவும் இல்லை. செயின்ட் மைக்கேல்ஸில் பெரிய படகுகள் தள்ளி நங்கூரமிட்டிருக்க, நாங்கள் கைப்பிடியைச் சுற்றி, அடியில் தொங்கும் 250 கிலோ வார்ப்பிரும்புத் தகட்டை மேலே ஏற்றினோம். ஐந்தடி ஆழம் கேட்கும் படகு இரண்டடியில் மிதந்தது. "நம்ம ஊர் வள்ளமாட்டம் கரைக்கே வருதே" என்றார் மாமா. இந்த ஒரு வசதிக்காகவே இதைவிடப் பெரிய படகு எங்களுக்கு வேண்டாம்.

இரவு அவித்த நண்டு. மேலே தூவிய ஓல்ட் பே மசாலா போதாதென்று மாமா மிளகுத்தூள் கேட்டு வாங்கினார்.

ஒரே குறை, பிள்ளைகள் தண்ணீரில் குதிக்க முடியவில்லை. கோடையில் இங்கே கொட்டும் ஜெல்லி மீன்கள் மொய்க்கும். மழை மிகுந்து நீரின் உப்பு குறைந்த ஆண்டுகளில்தான் கொஞ்சம் தேவலை. குழந்தைகளோடு வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு மே கடைசியில் வாருங்கள்.

(பயணம் தொடரும்)